மழைக்காலப் பலகை

செத்தவர்களை வரவேற்பதற்கென்றே ஒரு மடம் எங்கள் கடைமடைப் பக்கத்தில் இருக்கிறது. உயிரோடு போகிறவர்களுக்கு அங்கே ஒரு தம்ளர் மோர் கிடைக்கும், அவ்வளவுதான். கவனிப்பெல்லாம் மற்றவர்களுக்கு.

ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் கிடந்து, தேடி யாரும் வராமல், காவல் நிலையமும் விசாரித்துக் கையை விரித்த பிறகு உடல்கள் மடத்துக்கு வரும். மடத்தில் குளிப்பாட்டுவார்கள். புதுத் துணி சுற்றுவார்கள். பின்னால் இருக்கும் தோப்பில் குழி வெட்டிப் புதைப்பார்கள்.

மடத்தை நடத்துபவர் தில்லைநாயகி. நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். காவி கட்டுவதில்லை, சாயம் போன நூல் புடவைதான். பிரசங்கமும் கிடையாது. கேட்டால் பதில் சொல்வார், சில சமயம் அதுவும் சொல்ல மாட்டார். அவரிடம் உபதேசம் கேட்கப் போய், மண்வெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தவர்கள் நிறையப் பேர்.

அவருடைய சீடர் உலகநாதனுக்கு அறுபதை நெருங்கும் வயது. குருவைவிடச் சீடர் மூத்தவர் என்பதால் யார் யாரை எப்படி அழைப்பது என்று முதலில் கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. பிறகு அவர் இவரை "ஐயா" என்றார், இவர் அவரை "அம்மா" என்றார். பிரச்சினை தீர்ந்தது.

உலகநாதன் முன்பு ஒரு பெரிய கம்பெனியில் இருந்தவர். அந்தக் கம்பெனிக்கு ஊர் ஊராகக் கிளைகள். எல்லா இடத்திலும் ஒரே வேலைதான். சரக்கு வரும், சரிபார்ப்பார்கள், அனுப்புவார்கள். ஆனால் அதையே துறைமுக ஊரில் ஒரு விதமாகச் செய்வார்கள், மலை ஊரில் வேறு விதமாக. பண்டிகைக்கு முன்னால் ஒரு விதம், மழையில் ஒரு விதம். எதற்குப் பின் எது என்று கட்டமும் அம்புக்குறியுமாகப் படம் வரைந்து, எந்த ஊருக்கு, எந்தக் காலத்துக்கு எந்தப் படம் என்று பிரித்து வைப்பதுதான் அவருடைய உத்தியோகம். நடுவில் ஒரு மூலப்படம், அதிலிருந்து பிரிந்த கிளைப்படங்கள். மூலத்தில் ஏதாவது மாறினால் ஒவ்வொரு கிளையையும் திறந்து, அங்கேயும் மாற்ற வேண்டுமா என்று பார்க்க வேண்டும். அலுப்புப் பிடித்த வேலை. உலகநாதன் அலுக்காமல் செய்தார். கெட்டிக்காரர் என்று பெயரும் வாங்கினார்.

அவர் மனைவி சுலோசனா கொள்ளைநோய் வந்த வருஷம் போனார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, முகத்தை ஒரு தடவை காட்டுங்கள் என்று உலகநாதன் கேட்டார். தலை முதல் கால்வரை மூடிய உடுப்பில் நின்ற ஒருவர், கடுமை இல்லாமல்தான் சொன்னார்.

"இந்த நேரத்துக்கு இதுதான் சார் முறை."

உடலை வைத்திருந்த பையின் ஜிப் திறக்கவில்லை. வண்டியின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தார், அப்புறம் வண்டி வேகம் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவரால் ஒரு படம்கூட வரைய முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு அலைந்தவர் கடைசியில் இந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இங்க முகத்தக் காட்டுவீங்களா?"

"பாக்க யாராவது வந்தா காட்டுவோம்," என்றார் தில்லைநாயகி. "யாரும் வர்றதில்ல."

உலகநாதன் அங்கேயே தங்கிவிட்டார்.

அப்போது மடத்தில் எல்லா உடலுக்கும் ஒரே முறைதான். ஒருநாள் பள்ளிவாசலிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். போன மாதம் புதைத்த ஒருவர் தங்கள் ஆளாக இருக்கலாம் என்று இப்போதுதான் தெரிய வந்ததாம். சண்டை போடவில்லை. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள். தில்லைநாயகி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

"எல்லாருக்கும் ஒரே முறைன்னா அது யாருக்குமே சரியா வராதும்மா," என்றார் உலகநாதன். "பிரிச்சு எழுதித் தர்றேன்."

"எழுதுங்க."

செத்துப்போயிருந்த கெட்டிக்காரத்தனம் அவருக்குத் திரும்ப வந்தது. கறுப்புச் சாயம் பூசிய பலகைகளில் வெள்ளைப் பெயின்டால் எழுதினார். கூடத்துச் சுவரின் நடுவில் மூலப்பலகை. அதைச் சுற்றிக் கிளைப்பலகைகள். பள்ளிவாசலுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவர்களுக்கு ஒன்று, தேவாலயத்துக்குச் சொல்ல வேண்டியவர்களுக்கு ஒன்று. கைக்குழந்தைக்கு ஒன்று. தண்ணீரில் ஊறிக் கிடந்த உடலுக்கு ஒன்று. அப்புறம் மழைக்காலத்துக்கு ஒன்று, ஏனென்றால் ஐப்பசியில் எங்கள் மண்ணை முழங்கால் ஆழம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். புதைக்க முடியாது. காவல் நிலையத்தில் அனுமதி வாங்கி, ஊருக்குள் இருக்கும் எரிவாயு தகனமேடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

பலகைகள் வந்தபிறகு மடத்தில் தவறுகள் குறைந்தன. இதைச் சொல்லாமல் விட்டால் உலகநாதனுக்கு அநியாயம் செய்தவனாவேன். புதிதாக வரும் தொண்டர்கள் தடுமாறவில்லை. பள்ளிவாசல் பெரியவர்கள் ஒருநாள் தாங்களாகவே வந்து பார்த்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு சித்திரை மாதம், குழிக்குக் கொண்டுபோகத் தூக்கிய உடலைத் தில்லைநாயகி கீழே வைக்கச் சொன்னார்.

"என்னம்மா?"

"போலீஸ் கேட்டுச்சு. ஆஸ்பத்திரி கேட்டுச்சு. நாம ஒரு தடவகூட யாரையும் கேக்கலையே ஐயா."

எழுந்து போய் வாசலில் நின்றார். சாலையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்.

"இங்க ஒருத்தர் வந்திருக்காரு. ஆண். வயசு அறுபது இருக்கும். கழுத்துல கறுப்பு மச்சம். தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

மூன்று தடவை கேட்டார். சாலையில் ஒரு நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே வந்தார். "இப்பத் தூக்குங்க" என்றார்.

அன்றிலிருந்து அது வழக்கமானது. உலகநாதனுக்கு முதலில் கூச்சம். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள். எதிரே டீக்கடைக்காரர், "சார், யாரும் வர மாட்டாங்க, வந்து டீயக் குடிங்க" என்று கேலி செய்வார். யாரும் வரவும் இல்லை. ஆனாலும் கூப்பிடக் கூப்பிட உலகநாதனுக்கு அது பிடித்துப்போனது. பேர் தெரியாத மனிதனைப் பற்றி ஊருக்கு ஒரு தகவல் சொல்கிறோம் என்ற திருப்தி.

மூலத்தில் மாறினால் கிளைகளிலும் பார்க்க வேண்டும் அல்லவா? அது அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு பலகையாக இறக்கி, அழித்து, "வாசலில் கேட்பது" என்ற வரியைச் சேர்த்து மீண்டும் எழுதினார். கடைசியாக மழைக்காலப் பலகை. துணி சுற்றுவது வரை எழுதிவிட்டுத் தூரிகையோடு யோசித்தார். கொட்டும் மழையில் சாலையில் யார் நிற்பார்கள்? தகனமேடையில் நேரம் கொடுத்திருப்பார்கள், தாமதித்தால் அடுத்தவர் முந்திக்கொள்வார். வாசலில் காத்திருக்க முடியுமா? வேண்டுமா, வேண்டாமா?

அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு வரிக்கு இடம் விட்டு, மிச்சத்தை எழுதி மாட்டினார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழைக்கு இன்னும் மாதங்கள் இருந்தன.

மறந்துவிட்டார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. தோப்பில் மேடுகள் கரைய ஆரம்பித்தன. தில்லைநாயகி விடிந்ததும் மண்வெட்டியோடு அங்கே போய்விடுவார், வரப்பு வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு காலையில்தான் அந்த உடல் வந்தது. ஆண். முப்பது வயது இருக்கும். இடது புருவத்தில் பழைய தழும்பு. நீலக் கட்டம் போட்ட சட்டை. பஸ் நிலையத்தில் சுருண்டு விழுந்தவர். சட்டைப்பையில் ஒரு சீப்பைத் தவிர ஒன்றுமில்லை.

உலகநாதனும் தொண்டர்களும் மழைக்காலப் பலகையைப் பார்த்துக் காரியத்தைச் செய்தார்கள். குளிப்பாட்டினார்கள். சட்டையை மடித்துக் கொடியில் போட்டார்கள். துணி சுற்றினார்கள். அதற்கு அடுத்து ஒரு வரி காலியாக இருந்தது. அதற்கும் அடுத்த வரி, வண்டியில் ஏற்றுவது. ஏற்றினார்கள்.

வண்டி வாசலைத் தாண்டியபோது எதிரே மூடிக் கிடந்த டீக்கடையின் கூரைக்குக் கீழே ஒரு பெண் நிற்பதை உலகநாதன் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மழைக்கு உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டிருந்தார். முந்தானை நுனியில் ஏதோ முடிந்திருந்தது. புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

உலகநாதனுக்குப் பாவமாக இருந்தது.

"ரத்தினம், கொஞ்சம் நிறுத்துப்பா," என்று ஓட்டுநரிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "அம்மா! பஸ்ஸுக்கா நிக்கறீங்க? பாலத்துல தண்ணி போவுது. இன்னைக்கு பஸ் இந்தப் பக்கம் வராது. மேலத்தெரு வழியாத்தான் போவுது. அங்க போயி நில்லுங்க."

அந்தப் பெண் அவரைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"சரிங்க," என்றார்.

உலகநாதன் கண்ணாடியை ஏற்றினார். வண்டி போனது.

தகனமேடையில் வேலை முடிந்து, சாம்பல் கலயத்தோடு அவர் திரும்பியபோது மதியம் கடந்துவிட்டது. கூடத்தில் தில்லைநாயகி தரையில் உட்கார்ந்திருந்தார், கால் முழுக்கச் சேறு. அவருக்குப் பக்கத்தில் டீக்கடை வாசலில் நின்ற அதே பெண். மடியில் நீலக் கட்டம் போட்ட சட்டை. உலகநாதன் அந்தச் சட்டையைக் கவனிக்கவில்லை.

"என்னம்மா, பஸ் கெடைக்கலையா?" என்றார்.

அப்போதுதான் சட்டையைப் பார்த்தார்.

"இவங்க பேரு செங்கமலம்," என்றார் தில்லைநாயகி. "தோப்புலேருந்து வந்தேன். வாசல்ல நின்னுகிட்டிருந்தாங்க. யாரத் தேடுறீங்கன்னு கேட்டேன். உள்ள வந்துட்டாங்க."

செங்கமலம் எழுந்தார். கலயத்தைப் பார்க்காமல் உலகநாதனின் முகத்தைப் பார்த்தார்.

"எம் புள்ள கலையரசன் சார். வேலைக்குப் போறேன்னு போனவன். போலீசுல போன்ல ஒரு போட்டோ காமிச்சாங்க. பாதி அவன் மாரி இருந்துச்சு, பாதி அவன் இல்லாத மாரி இருந்துச்சு. ஆசுபத்திரிக்குப் போனேன், இங்க அனுப்பிட்டோம்னாங்க." மூச்சு வாங்கினார். "எங்க சார் அவன்? மொகத்தக் காட்டுங்க."

உலகநாதனின் வாய் தானாகத் திறந்தது.

"மழைக்காலத்துக்கு இதுதாம்மா முறை."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகள் அவர் காதில் விழுந்தன. கலயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் அந்த உடுப்புக்குள் இருந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை காலம் யோசித்திருக்கிறார். இப்போது தெரிந்துவிட்டது.

"முறையா?" என்றார் செங்கமலம். புரியாமல்தான் கேட்டார். "எப்பத் தூக்குனீங்க?"

உலகநாதன் கலயத்தைப் பார்த்தார்.

"பஸ்ஸு வராதுன்னு சொன்னீங்களே. அந்த வண்டியிலயா?"

"ஆமாம்மா."

"பின்னாடியா இருந்தான்?"

"ஆமாம்மா."

செங்கமலம் அழவில்லை. சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ரொம்ப நேரமா அங்கதான் நின்னேன். கேட்டு தொறந்துதான் கெடந்துச்சு. உள்ள வந்தா அவன்தான்னு ஆயிடுமேன்னு காலு வரல. அவனா இருக்கக்கூடாதுன்னு வேண்டிகிட்டேதான் நின்னேன். ஆனா வூட்டுலேருந்து கெளம்பயில இதயும் முடிஞ்சுகிட்டுதான் வந்தேன்." முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினார். "யாராச்சும் ஒரு வார்த்த கேட்டிருந்தா வந்திருப்பேன் சார். இந்த அம்மா கேட்டோன்ன வந்துட்டேன்ல?"

தில்லைநாயகி உலகநாதனிடமிருந்து கலயத்தை வாங்கிச் செங்கமலத்தின் கையில் கொடுத்தார். இன்னும் சூடு இருந்தது. செங்கமலம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டார், தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொள்வதைப் போல. ஒரு கையால் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி அரிசி, மழையில் ஊறிப்போயிருந்தது. மகன் வாயில் போடக் கொண்டுவந்த அரிசி.

"இத எங்க போடறது?" என்று கேட்டார்.

சுவர் முழுக்கப் பலகைகள் இருந்தன. உலகநாதன் அவற்றைத் திரும்பிப் பார்த்தார். அந்த நேரத்திலும் பார்த்தார்.

செங்கமலம் அவர் கையை இழுத்து, உள்ளங்கையில் அரிசியைக் கொட்டினார்.

"நீங்கதானே அவன் மொகத்தக் கடசியாப் பாத்தீங்க. நீங்களே வச்சுக்குங்க."

வெளியே போனார். தில்லைநாயகி மேலத்தெரு வரை கூடவே நடந்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

அவர் திரும்பியபோது உலகநாதன் அதே இடத்தில் நின்றிருந்தார். கை மூடியிருந்தது.

"உக்காருங்க ஐயா."

அவர் உட்காரவில்லை.

"பலகைய எல்லாம் அடுப்புல வச்சிடறேம்மா."

"வைங்க. நாளைக்கு ஒரு கைக்குழந்த வந்தா?"

உலகநாதன் அந்தப் பலகையைப் பார்த்தார்.

"பள்ளிவாசலுக்குச் சொல்ல வேண்டியவரு வந்தா?"

"அப்ப இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

"அந்தக் காலி எடத்துல எழுதிடறேன். வாசல்ல கேக்கணும்னு."

"எழுதுங்க."

"எழுதிட்டா இனிமே இப்படி நடக்காதில்ல?"

"இப்படி நடக்காது."

அவர் அதிலிருந்த மிச்சத்தையும் புரிந்துகொண்டார். முகம் இன்னும் இருண்டது.

"நீங்க அந்தக் காலி எடத்தப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன்."

"ஒண்ணும் கேக்கலையே நீங்க?"

"நீங்க ஏதோ நெனச்சுத்தான் விட்டிருக்கீங்கன்னு இருந்துட்டேன். நீங்க எங்கிட்ட கேக்கலாம்னு இருந்துட்டீங்க." தில்லைநாயகி காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தோம் ஐயா."

மழை ஓட்டின் மேல் அடித்துக்கொண்டிருந்தது.

"இந்த அரிசிய என்ன செய்யட்டும்?"

"தெரியல ஐயா."

அவர் காத்திருந்தார். எப்போதும்போல ஒரு பதிலோ, ஒரு வேலையோ, எதையாவது சொல்வார் என்று நினைத்தார். தில்லைநாயகி எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். மேடுகள் இன்னும் கரைந்துகொண்டிருந்தன.

உலகநாதன் ஒரு கையாலேயே பெயின்ட் டப்பாவைத் திறந்தார். மழைக்காலப் பலகையில் விட்டிருந்த இடத்தில் எழுதினார். எழுத்து கோணல்மாணலாக வந்தது. இன்னொரு கை மூடியே இருந்தது. அரிசியைக் கீழே வைக்க அவருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் படுத்தார்.

மறுநாள் காலையிலும் மழை. ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வந்தது. ரத்தினம் பின்கதவைத் திறந்தார். மூடிய உடலை இறக்கி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குளிப்பாட்டும் இடத்தில் வைத்தார்கள். வைத்ததுதான் தாமதம், உலகநாதன் வாசலுக்கு ஓடினார்.

"சார், இன்னும் துணியத் தொறந்து யாருன்னு பாக்கவே இல்ல," என்றார் ரத்தினம் பின்னாலிருந்து.

அது அவர் காதில் விழவில்லை. கேட்டுக்கு வெளியே, சாலையின் ஓரத்துக்கே போய் நின்றார். குடை எடுக்கவில்லை.

"இங்க ஒருத்தர் வந்திருக்காரு!" என்று கத்தினார். "தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஆண்! முப்பது வயசு இருக்கும்! இடது புருவத்துல தழும்பு! நீலக் கட்டம் போட்ட சட்ட!"

ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. நிறுத்தவில்லை. அதற்குமேலும் கேட்டார். குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே கேட்டார். இவ்வளவு சத்தம் தன்னிடம் இருந்ததென்று அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் போடாத சத்தத்தையும் சேர்த்துப் போட்டார்.

எதிரே டீக்கடைக் கூரைக்குக் கீழே ஒருவர் நின்றிருந்தார்.

வேட்டியை மடித்துக் கட்டிய, கையில் துணிப்பையோடு நின்ற நடுத்தர வயது மனிதர். மடத்தின் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலைச் சாலையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

உலகநாதன் அவரைப் பார்த்து, அவருக்காகவே, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்தி மறுபடியும் சொன்னார். "ஆண். முப்பது வயசு. இடது புருவத்துல தழும்பு."

அந்த மனிதர் கேட்டார். முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே விட்டுப்போனது. மடத்தைப் பார்த்து ஒரு தடவை கையெடுத்துக் கும்பிட்டார். துணிப்பையைத் தலைமேல் வைத்துக்கொண்டு மழையில் வேகவேகமாக நடந்தார். மேலத்தெரு முனையில் திரும்பி மறைந்துவிட்டார்.

உலகநாதனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. நேற்றிலிருந்து இப்போதுதான் மூச்சு சரியாக வந்தது. ஒருவர் வந்து நின்றிருக்கிறார். அவரைக் கேட்டாயிற்று. அவர் ஆள் இல்லையென்று அவர் நிம்மதியாகப் போகிறார். சட்டைப்பைக்கு மேல் கையை வைத்துக்கொண்டார். ஈர அரிசி உள்ளங்கையில் தட்டுப்பட்டது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தில்லைநாயகி குளிப்பாட்டும் இடத்திலிருந்து வந்திருந்தார். முழங்கை வரை ஈரம். உலகநாதன் திரும்பி, குரல் வராத தொண்டையால், "கேட்டுட்டேம்மா" என்றார். "இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு. கேட்டுட்டேன்."

தில்லைநாயகி சாலையைப் பார்த்தார். அது மேலத்தெரு முனை வரை காலியாகக் கிடந்தது.

"ஐயா," என்றார். "உள்ள இருக்கறது வயசான ஒரு அம்மா."